182 வருடம் பெயருக்குக் காத்திருந்த வண்டு

பிடித்தவர் டார்வின். தொலைந்தது லண்டனில். பெயர் கிடைத்தது அமெரிக்காவில். புது உயிரினங்களில் பல கண்டுபிடிக்கப்படுவது காட்டில் அல்ல, மியூசியத்தின் டிராயரில்.

அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா கடற்கரை. வருடம் 1832. பீகிள் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து இறங்கிய 23 வயது இளைஞர் ஒருவர் கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்துக்கொண்டிருந்தார். அழிந்துபோன ராட்சத விலங்குகளின் எலும்புகள் அவருக்குக் கிடைத்தது அந்தக் கரையில்தான். எலும்புகளை உலகமே பேசியது. அதே இடத்தில் அதே ஆள் பிடித்த ஒரு சின்ன வண்டை யாரும் பேசவில்லை. தலை பச்சையாக மினுங்கும். உணர்கொம்புகள் ரம்பப் பல் போல இருக்கும். அதை அவர் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துச் சென்றார்.

இளைஞரின் பெயர் சார்லஸ் டார்வின். வண்டுக்குப் பெயர் கிடைத்த நாள் 2014 பிப்ரவரி 12. டார்வினின் 205வது பிறந்த நாள். இடையில் ஓடியவை 182 வருடங்கள்.

டார்வினுக்கு வண்டுப் பித்து உண்டு. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் ஒரு மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் கிடைக்க, ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டாராம். மூன்றாவதாகப் புதுரகம் ஒன்று தெரிந்தது. விட மனமில்லாமல் வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கைச் சுடும் திரவத்தைப் பீய்ச்ச, துப்பிவிட்டார். துப்பிய வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கும் கதை இது. இப்படிப்பட்ட ஆள் ஐந்து வருடப் பயணத்தில் எத்தனை பூச்சிகளைச் சேர்த்திருப்பார்?

சேர்த்தவற்றை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அந்தந்த ரகம் தெரிந்த நிபுணர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். சிலர் பெயர் வைத்தார்கள், சிலர் அப்படியே அடுக்கிவைத்தார்கள். கை மாறி, பெட்டி மாறி, கடைசியில் பலவும் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த மியூசியத்தின் கென்னத் ஸ்மித் 1987ல் டார்வின் பூச்சிகளுக்கென்றே ஒரு விரிவான பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது என்றால் அவை எவ்வளவு சிதறிக் கிடந்தன என்று ஊகிக்கலாம். பச்சைத் தலை வண்டு மட்டும் எங்கே என்று தெரியாமலே இருந்தது.

அதைக் கண்டெடுத்தவர் ஸ்டிலியானோஸ் சாட்ஸிமனோலிஸ். அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழகத்தில், சட்டனூகா வளாகத்தில் பூச்சியியல் பேராசிரியர். மியூசியங்களுக்கிடையே ஒரு நல்ல பழக்கம் உண்டு. லைப்ரரியில் புத்தகம் எடுப்பது போல, ஆய்வாளர்கள் பூச்சிகளைக் கடனாக வாங்கலாம். 2008ல் லண்டனிலிருந்து அப்படி வந்த பூச்சிகளுக்கு நடுவே, தன் கூட்டத்தோடு ஒட்டாத ஒன்று இருந்தது. அதன் ஊசியில் செருகியிருந்த துண்டுச் சீட்டு பாஹியா பிளாங்கா என்றும் டார்வின் என்றும் சொன்னது.

மற்றவர்களாக இருந்தால் அன்றைக்கே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். அறிவிப்பு வெளிவர ஆறு வருடம் ஆயிற்று. ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த வண்டுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும்.

இவற்றை ரோவ் வண்டுகள் என்கிறார்கள். ஓயாமல் அலைபவை என்று பொருள். வண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் கெட்டி ஓடு போட்ட உருண்டை உருவம் இவற்றுக்குக் கிடையாது. ஒல்லியாக, நீளமாக இருக்கும். முதுகை மூட வேண்டிய மேலிறகு பாதியிலேயே நின்றுவிடும். கையில்லாத பனியன் போட்ட மாதிரி முன்பாதி மட்டும் மூடியிருக்க, வயிறு வெளியே தெரியும். பார்ப்பவர்கள் எறும்பு என்பார்கள், கரையான் என்பார்கள், பூரான் குட்டி என்றும் சொல்வார்கள். சில ரகங்கள் மிரண்டால் தேள் கொடுக்கைத் தூக்குவது போல வயிற்றைத் தூக்கிக் காட்டும். கொடுக்கு கிடையாது, வெறும் மிரட்டல்தான்.

மேலிறகு குட்டை என்பதால் பறக்காது என்று நினைத்தால் தவறு. பறக்கும் இறகு உள்ளே மடிந்து கிடக்கிறது. ஆறு கஜப் புடவையைத் தீப்பெட்டிக்குள் அடைப்பது போன்ற மடிப்பு. நினைத்த மாத்திரத்தில் விரிக்கும், இறங்கியதும் வயிற்றை அசைத்து அசைத்து உள்ளே தள்ளிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2014ல் வெளியிட்டார்கள். இடது இறகை ஒரு விதமாகவும் வலது இறகை வேறு விதமாகவும் மடிக்கிறது என்பதுதான் அதில் வியப்பு. விண்கலத்தின் சூரியத் தகடுகளை மடிக்க இதில் பாடம் உண்டா என்று பொறியாளர்கள் யோசிக்கிறார்கள்.

நீரோரத்தில் வாழும் ஸ்டீனஸ் என்ற ரகத்துக்கு இன்னொரு வித்தை தெரியும். தண்ணீரில் விழுந்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். பின்னால் நீரின் பரப்பு இழுவிசை குறைய, முன்னால் இருக்கும் நீர் அதைச் சர்ரென்று இழுத்துக்கொண்டு போகும். இன்னும் சில ரகங்கள் எறும்புப் புற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. உருவத்திலும் வாசனையிலும் எறும்பு போலவே வேஷம் கட்டி, எறும்பின் குஞ்சுகளையே தின்கின்றன. படையெடுக்கும் எறும்புக் கூட்டங்களோடு வாழும் இந்த வேஷம் ஒரு முறை அல்ல, குறைந்தது 12 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை 66,000 இனங்களுக்கும் மேல். உலகத்தின் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன, தவளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினாலும் இந்த எண்ணிக்கை வராது. பெயர் இல்லாமல் இருப்பவை இன்னும் பல ஆயிரம். ஆனால் ஒரு புலியைக் கண்டுபிடித்தால் கிடைக்கும் கைதட்டல் வண்டுக்குக் கிடைக்காது. பெரும்பாலானவை அரிசி நீளம்கூட இல்லை, கறுப்பும் பழுப்புமாக ஒன்று போலவே இருக்கின்றன.

ஒன்று போல இருப்பவற்றை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் நிபுணரின் வேலை தொடங்குகிறது. காய்ந்து விறைத்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து இளக்குவார்கள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில், மிக மெல்லிய ஊசியால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுப்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் சுத்தம் செய்து, படம் வரைவார்கள். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு இனங்கள் இந்த ஓர் உறுப்பில் மட்டும் பூட்டும் சாவியும் போல மாறுபடும். பிறகு, இதற்கு நெருக்கமான எல்லா இனங்களின் மூல மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த ஒரு வண்டை ஆதாரமாகக் காட்டினார்களோ, அதுதான் மூல மாதிரி. பெரும்பாலும் சிவப்புச் சீட்டு குத்தப்பட்டு, மியூசியத்தின் பத்திரப் பெட்டியில் இருக்கும். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் போல. நூறு வருடம் கழித்துத் தகராறு வந்தாலும் அதை எடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு. அந்தப் பத்திரங்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை. லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா, சிகாகோ என்று சிதறிக் கிடக்கின்றன.

டார்வினின் வண்டை ஏற்கனவே இருந்த எந்தப் பேரினத்திலும் சேர்க்க முடியவில்லை. புது இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது. இன்னொரு மாதிரி எங்காவது இருக்கிறதா என்ற தேடலில் பெர்லின் மியூசியத்தில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதுவும் அர்ஜென்டினாவில், ரியோ குவார்ட்டோ என்ற இடத்தில் 1935க்கு முன் பிடிக்கப்பட்டது. உலகம் முழுக்க இருப்பது இந்த இரண்டுதான்.

பேரினத்துக்கு டார்வினிலஸ் என்று பெயர். இனத்தின் பெயர் செடாரிஸி. செடாரிஸ் விஞ்ஞானி அல்ல. டேவிட் செடாரிஸ் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர். மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்து பூச்சிகளைப் பதப்படுத்தும்போது பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய ஒலிப் புத்தகங்களை. அதற்கு நன்றி. இங்கிலாந்தில் வசிக்கும் செடாரிஸ் சாலையோரக் குப்பை பொறுக்குவதையும் ஒரு பணியாகச் செய்கிறவர். அதே 2014ல் அவர் பகுதி உள்ளாட்சி நிர்வாகம் ஒரு குப்பை லாரிக்கும் அவர் பெயரை வைத்தது. ஒரே வருடத்தில் வண்டும் லாரியும். இலக்கியவாதிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்.

பெயர் வைப்பதில் இப்படி விளையாட இடம் உண்டு. ஆனால் விளைவு விளையாட்டல்ல. ஸ்லோவேனியாவின் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்றுக்கு 1937ல் ஹிட்லரின் பெயரை வைத்துவிட்டார்கள். விதிப்படி அதை மாற்ற வழியில்லை. ஹிட்லர் சின்னங்களைச் சேர்க்கும் பித்தர்கள் அந்த வண்டையும் விலை கொடுத்து வாங்க, பெயராலேயே அதற்கு ஆபத்து வந்தது.

பெயர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கேட்பவர்கள் மழைக்காலத்தில் ஹாஸ்டல் அறையில் டியூப் லைட்டுக்குக் கீழே தூங்கிப் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், நீலம் மினுங்கும் குட்டை இறகுள்ள ஒரு சின்னப் பூச்சி விளக்குக்கு வரும். பேடரஸ் என்ற ரோவ் வண்டு இது. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று தூக்கக் கலக்கத்தில் அடித்து நசுக்கினால்தான் வினை. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாளில் நசுக்கித் தேய்த்த கோடு முழுக்கச் சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் கண்ணாடி பிம்பம் போல ஒரே மாதிரிப் புண் வரும். பார்க்கிறவர்கள் அக்கி என்று முடிவு கட்டி, செம்மண் குழைத்து அக்கி எழுதக் கிளம்பிவிடுவார்கள். டாக்டர்களே சில சமயம் குழம்புவதுண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு நைரோபி ஈ என்று பெயர், ஈ அல்ல என்றாலும். 1997-98ல் எல் நினோ மழை கொட்டியபோது கென்யாவில் இது பெருகி மக்களை வாட்டியது. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் 100 மாணவர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுவதும், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் வழி.

சரி, மருந்தடித்து ஒழித்துவிடலாமே என்றால், அங்கே விவசாயி கையைப் பிடிப்பார், அல்லது பிடிக்க வேண்டும். இதே பேடரஸ் நெல் வயலில் பயிரின் தண்டில் ஏறி இறங்கிப் புகையானையும் இலை சுருட்டுப் புழுவையும் வேட்டையாடுகிறது. காசு வாங்காத பூச்சிக்கொல்லி. வயலில் நண்பன், விளக்கடியில் பகைவன்.

அந்த எரிச்சலுக்குக் காரணமான நஞ்சின் கதை இன்னும் சுவாரசியம். பெடரின் என்ற அந்த நஞ்சை 1953ல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். படிகமாக எடுத்து ஆராய அவர்களுக்குத் தேவைப்பட்ட வண்டுகள் 2.5 கோடி. செல்லில் புரதம் உருவாவதையே நிறுத்தும் சக்தி அதற்கு உண்டு என்பதால் புற்றுநோய் ஆய்வாளர்களின் பார்வை அதன்மேல் விழுந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2002ல், அடுத்த திருப்பம். நஞ்சைச் செய்வது வண்டே அல்ல, பெண் வண்டின் உடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. கடல் பஞ்சுகளில் இதே குடும்பத்து ரசாயனங்கள் கிடைத்த புதிரும் அவிழ்ந்தது: அங்கும் நுண்ணுயிர்தான் சமையல்காரர். எந்த இனத்தில் நஞ்சு உண்டு, எதில் இல்லை, எது எந்த வயலில் என்ன தின்கிறது என்பதெல்லாம் இனத்தைச் சரியாகப் பிரித்த பிறகு கேட்க முடிகிற கேள்விகள்.

இந்தியாவின் ரோவ் வண்டுகளைப் பிரித்து எழுதிய பெரிய மனிதர் மால்கம் கேமரன். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் என்ற புகழ்பெற்ற வரிசையில், 1930க்கும் 1939க்கும் இடையே, இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஐந்து புத்தகங்கள் எழுதினார். இன்றும் இமயமலையிலோ மேற்குத் தொடர்ச்சி மலையிலோ ஒரு ரோவ் வண்டைப் பிடித்தவர் முதலில் புரட்டுவது அந்த ஐந்தைத்தான். படங்கள் குறைவு. விளக்கம் சுருக்கம். ஆண் உறுப்பை ஆராய்ந்து இனம் பிரிக்கும் முறை அவர் காலத்தில் இந்த அளவுக்கு வேரூன்றவில்லை. சந்தேகம் வந்தால் மூல மாதிரியைப் பார்க்க வேண்டும். அது லண்டனில். உத்தரகாண்டில் பிடித்த வண்டு புதிதுதானா என்று தெரிந்துகொள்ள தேம்ஸ் கரைக்கு விசா எடுக்க வேண்டிய நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. மியூசியங்கள் மூல மாதிரிகளைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவருவது பெரிய உதவி. ஆனால் வயிற்றுக்குள் இருப்பதைப் போட்டோ காட்டாது.

இனி பிடிப்பவையாவது இங்கே தங்க வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2002ம் வருடத்து உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39வது பிரிவின்படி, புது இனம் கண்டுபிடித்தவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தகவல் தந்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் 1916ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒரு காப்பகம். சட்டத்தைக் கவனிக்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான். சட்டம் நல்ல சட்டம். வண்டுகளைப் பிரிக்கத் தெரிந்த ஆட்களை அதனால் உருவாக்க முடியாது. ஒரு குடும்பத்து வண்டுகளைக் கற்றுக்கொள்ளவே பத்து வருடம் ஆகிற படிப்புக்கு வேலைவாய்ப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லாதபோது எந்த மாணவன் வருவான்? விலங்கியல் துறைகள் பயோடெக்னாலஜி துறைகளாகப் பெயர் மாறிய வேகத்தில் மைக்ராஸ்கோப்பும் ஊசியும் ஓரமாகப் போய்விட்டன.

மரபணுவின் ஒரு சிறு துண்டைப் படித்து இனத்தைச் சொல்லும் பார்கோடு முறை 2003ல் வந்தபோது நிபுணர்களுக்கு இனி வேலையில்லை என்றார்கள். அது உதவுகிறது, சந்தேகமில்லை. இரண்டு வண்டுகளும் வேறு என்று சொல்லும். ஆனால் அவற்றில் எது கேமரன் 1931ல் பெயர் வைத்தது என்று கேட்டால், பழைய ஊசியில் குத்தியிருக்கும் பழைய வண்டிடம்தான் போக வேண்டும்.

ஒரு புது உயிரினம் பிடிபட்ட நாளுக்கும் அதற்குப் பெயர் அச்சான நாளுக்கும் நடுவே சராசரியாக 21 வருடம் ஆகிறது என்று 2012ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதாவது இன்றைக்குப் புதுசு என்று செய்தி வரும் பலவும் நம் பிள்ளைகள் பிறக்கும் முன்பே பிடித்து வைத்தவை. அந்த 21 வருடமும் அவை இருப்பது டிராயரில், நாஃப்தலின் உருண்டைகளின் வாசனையில். டிராயர் பத்திரமான இடமா? 2016 ஏப்ரல் 26 அன்று டில்லியில் தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2 இரவு பிரேஸிலின் ரியோ டி ஜெனிரோவில் 200 வருடப் பழமையான தேசிய மியூசியம் எரிந்தது. ரியோவில் பூச்சித் தொகுப்பு கிட்டத்தட்ட முழுதாகவே சாம்பல். லட்சக்கணக்கான பூச்சிகள். அவற்றில் பெயர் வைக்கப்படாதவை எத்தனை என்று இனி யாராலும் எண்ண முடியாது, ஏனென்றால் பெயரே இல்லாததைப் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள்.

டார்வினின் வண்டு குண்டுவீச்சு, ஈரம், பூச்சி அரிப்பு எல்லாவற்றையும் லண்டனில் தாண்டிவந்தது. அதன் இனம் அர்ஜென்டினாவில் தாண்டிவந்ததா என்பது வேறு விஷயம். டார்வின் குதிரையில் திரிந்த புல்வெளிகள் பலவும் இப்போது கோதுமை, சோயா வயல்கள், மாட்டுப் பண்ணைகள். 1935க்குப் பின் அந்த வண்டு சிக்கியதாகப் பதிவு இல்லை. எங்கோ ஒரு மூலையில் அது பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் சாட்ஸிமனோலிஸ் தன் ஆய்வை வெளியிட்டார். அது வந்தது ஜூக்கீஸ் என்ற பத்திரிகையில். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். பாஹியா பிளாங்காவில் ஒரு பள்ளிப் பையன் கல்லைப் புரட்டும்போது பச்சைத் தலையோடு ஏதாவது ஓடினால், உணர்கொம்பில் ரம்பப் பல் இருக்கிறதா என்று பார்க்க இப்போது படம் இருக்கிறது.